நாப்பத்தாறு செதில்

முதல்ல ஒண்ணு சொல்லிருங்க சார். உங்கள இங்க அனுப்பினது கஸ்பாரா?

இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, அதுக்கு ஏன் இப்பிடி முழிக்கிய. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுல பெயிண்ட் காயல. இந்தப் பெட்டி மேல உக்காருங்க. மதுரைங்கிய. மதுரையில இருக்கவருக்கு எங்க ஊரு தெரியுது, தொம்மை வீடு எதுன்னு தெரியுது, நான் தூண்டிலுக்குக் கட்டையில பொய்மீன் செய்யுறது தெரியுது. யாரோ போன்ல படம் அனுப்பினாங்கன்னா, அந்த யாரோ யாருன்னு நான் கேக்கணுமா இல்லையா? சரி விடுங்க. கேக்கல.

ஆனா வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டிய பாருங்க ஒரு கேள்வி. "இவ்வளவு நுணுக்கமா கண்ணு, செவுளு, செதிலெல்லாம் வரையுறீங்களே, இதெல்லாம் மீனுக்குத் தெரியுமாண்ணே"ன்னு. அது கஸ்பாரோட கேள்வி. பதினாலு வருசமா அவன் வாயில இருந்து நான் கேட்ட கேள்வி. அதத் தூக்கிக்கிட்டு மதுரையில இருந்து ஒருத்தர் வந்தா எனக்கு எப்பிடி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

தெரியும் சார். மீனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதுன்னு சொல்லுதவன் ஒண்ணு சோம்பேறி, இல்லன்னா அவன் மனசுல வேற ஏதோ இருக்கு.

இந்தா, கையில பிடிச்சுப் பாருங்க. வாலுகிட்ட தூண்டி முள்ளு இருக்கு, பாத்து. சாளை மீனு மாதிரி இருக்கா, சாளையாவே இருக்கா? அதான். கல்யாண முருங்கைக் கட்டை. அறுத்து ஒரு மாசம் நிழல்ல காயப்போடணும். வயித்துல குடைஞ்சு ஈயம் வைக்கணும், இல்லன்னா மிதக்கும். அது வரைக்கும் எவன் வேணாலும் செய்வான். அதுக்கு அப்புறம்தான் வேலையே. மத்தவன்லாம் கொசுவலைய இழுத்துக் கட்டி அதுக்கு மேல வெள்ளிப் பெயிண்ட அடிச்சிருவான். வலைக் கண்ணு வழியா பெயிண்டு செதில் செதிலா விழுந்துரும். நான் அப்பிடிச் செய்ய மாட்டேன். அது பொய். நான் ஒவ்வொரு செதிலா வரைவேன். ஏலக் கூடத்துல துடிச்சுக்கிட்டு கிடந்த சாளைய வாங்கிட்டு வந்து, செவுள்ல இருந்து வாலு வரைக்கும் நடு வரிசைய ஊசி முனையால தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒண்ணு இல்ல, மூணு சாளை எண்ணினேன். நாப்பத்தாறு. என் மீன்லயும் நாப்பத்தாறுதான் இருக்கும். நீங்க வேணா எண்ணிக்கிடுங்க. கண்ணுக்கு ரெஜினாவோட பழைய வளையல்ல இருந்த கல்லு. ரெஜினா எம் பொஞ்சாதி. அவகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன், அவ இல்லம்பா.

ஒரு மீனுக்குப் பதினோரு நாளு ஆவும்.

கஸ்பார் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்கிய. அப்பிடியே இருக்கட்டும், தெரியாதுன்னே வச்சுச் சொல்லுதேன். என் தங்கச்சி பிலோமியோட மாப்பிள்ள. அவனும் நானும் ஒரே வயசு. பதினாலு வருசமா ரெண்டு பேரும் ஒரே வள்ளம். வள்ளம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ஒரே சோத்துச் சட்டியில கை வச்சுச் சாப்பிட்டவங்க. நாங்க வலை போடுறதில்ல. வள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் நீளமா மூங்கில் கம்பு நீட்டி, ஆளுக்கு ஒரு கம்புல தங்கூசி நைலான் நரம்பு கட்டி, நுனியில தூண்டில போட்டு ஓட்டிக்கிட்டே போவோம். பின்னால இழுபட்டுக்கிட்டே வரும். சீலா மீனோ பாறை மீனோ இரைன்னு நினைச்சுத் துரத்தி வந்து கவ்வும். சோத்தாங்கைப் பக்கம் அவன் கம்பு. நொட்டாங்கைப் பக்கம் என் கம்பு.

என் தூண்டில்ல இந்த மாதிரி மீனு. அவன் தூண்டில்ல என்ன தெரியுமா? வெள்ளை நைலான் கயிறு. ஒரு சாண் வெட்டி, பிரிச்சு, சிலுப்பிவிட்டு, முள்ளுல முடிஞ்சிருவான். கண்ணு இல்ல, வாயி இல்ல, செதில் இல்ல. தேஞ்சுபோன பல்லு பிரஷ் மாதிரி இருக்கும். அதச் செய்ய அவனுக்கு ஒரு பீடி குடிக்கிற நேரம்.

போன வருசம் கொண்டல் காத்து எடுத்து சீலா வர ஆரம்பிச்ச சமயம். மொத நாளு அவன் பக்கம் நாலு மீனு. என் பக்கம் ஒண்ணும் இல்ல. சரி, கடல்னா அப்பிடித்தான். ரெண்டாம் நாளு அவன் பக்கம் மூணு. என் பக்கம் இல்ல. ஒரு வாரம் இப்பிடியே போச்சு சார். யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா?

எஞ்சின் பிடிக்கிறது அவன். அவன் பக்கம் நல்ல தண்ணி வாற மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டுதானோன்னு நினைச்சேன். மச்சான் எனக்கு இடுப்பு வலிக்கி, உக்காந்துக்கிட்டே இருந்தா தேவலைன்னு சொல்லி நான் எஞ்சினப் பிடிச்சேன். அன்னைக்கும் அவன் பக்கம் மூணு. நரம்பு நீளத்துல ஏதும் இருக்குமோன்னு, அவன் வெளிக்கிப் போன நேரம் கையாலே அளந்தேன். ரெண்டும் இருபது பாகம். கயித்துல ஏதும் எண்ணெய் கிண்ணெய் தடவுதானோன்னு மோந்து பாத்தேன். மண்ணெண்ணெய் வாடை தவிர ஒண்ணும் இல்ல. பக்கம் மாத்துவோமான்னு கேட்டேன். "மாத்துவோமே"ன்னான், உடனே. யோசிக்கக்கூட இல்ல. எனக்கு அதுவே நெருடிச்சு. மாத்தினோம். மீனும் அவன் கூடவே நொட்டாங்கைப் பக்கம் மாறிக்கிட்டுது.

அன்னைக்குத் திரும்பி வரும்போது சொல்லுதான்: "மச்சான், கோவிச்சுக்கிடாத. பாக்க அப்பிடியே சாளதான். ஆனா தண்ணிக்குள்ள செத்த சாளையால்லா வருது. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. கட்டைய இழுத்த மாதிரி வருது. மீனு அதத்தான் பாக்கும். கண்ணையும் செதிலையும் அது எங்க பாக்கப்போவுது?"

செத்த சாளையாம். பதினோரு நாளு நான் உசிரக் குடுத்து வரைஞ்சது அவனுக்குச் செத்த சாளை. நான் கரை வார வரைக்கும் பேசல. வயித்தெரிச்சல்ல ஒரு ஆளு பேசும்போது நாம பதிலு சொன்னா நாமளும் அவனுக்குச் சமமாப் போயிருவோம்.

ரெண்டு நாளு கழிச்சு வீட்டுக்கு வந்தான். வாயில விரல வச்சாலும் கடிக்கத் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, "மச்சான், ஒன் மீன்ல முள்ளு துருப்பிடிச்சிருக்கு. குடு, எங்கிட்ட புது முள்ளு கிடக்கு, மாத்தித் தாறேன்"னான். குடுத்தேன். நானும் ஒரு மனுசன்தான, எவ்வளவுதான் சந்தேகப்படுவேன்? ரெண்டு நாளு காத்து சரியில்லாம கடலுக்குப் போகல. மூணாம் நாளு காலையில கொண்டுவந்து தந்தான். புது முள்ளு, பளபளன்னு.

அன்னைக்கு நடந்தத எப்பிடிச் சொல்லுவேன். தூண்டில விட்டுக் கால் மணி நேரம் ஆகல, என் கம்பு வளையுது. சீலா. அத ஏத்தி வச்சு மறுபடி விட்டேன், மறுபடி. அன்னைக்கு என் பக்கம் ரெண்டு. மறுநாளு ஒண்ணு. அதுக்கு மறுநாளு மூணு. எட்டு நாள்ல பதினோரு மீனு சார், என் கையால வரைஞ்ச சாளைக்கு. நான் அழுதுட்டேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன வெக்கம். கம்பப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். கஸ்பார் சிரிச்சுக்கிட்டே எஞ்சின மெதுவா ஓட்டினான்.

அப்போ சொன்னேன் அவன்கிட்ட: "இப்போ தெரியுதா? மீனுக்குப் பழக மொதல்ல கொஞ்ச நாளு ஆச்சு. கண்ணப் பாத்துப் பாத்து, நம்ம சாளதான்னு நம்பிக்கிட்டு இப்போ வருது." அவன் "ஆமா மச்சான்"னான்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். குருசடின்னா சின்ன சிலுவைக் கோயிலு. அதோட திருவிழாவுக்கு முன்னால அந்த வருசம் பட்ட சீலாவுல எது பெருசோ, அதக் கோயிலுக்குக் குடுத்துரணும். அதக் குழம்பு வச்சு ஊருக்கே அசனச் சாப்பாடு. எவன் தூண்டில்ல பட்டுதோ அவன்தான் அத, மேளம் முன்னால போக, கரையில இருந்து குருசடி வரைக்கும் தலையில சுமக்கணும். கஸ்பாரு மூணு தடவை சுமந்திருக்கான். நான் அது வரைக்கும் ஒரு தடவைகூட இல்ல. போன வருசம் நான் சுமந்தேன். இருபத்திரெண்டு கிலோ. மீனு ரத்தம் என் கண்ணுல வடியுது, தொடைக்கக்கூட இல்ல. குருசடி முன்னால இறக்கி வச்சிட்டு, சட்டைப்பையில இருந்து என் சாளைய எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். "பாத்துக்கிடுங்க. கண்ணும் செதிலும் வச்சு மெனக்கெடுதவனுக்குத்தான் கடல் குடுக்கும். கயித்த முடிஞ்சு போடுதவனுக்கு இல்ல"ன்னு சொன்னேன். எல்லாரும் கஸ்பாரப் பாத்துச் சிரிச்சாங்க. அவன் கை தட்டினான்.

அதுலயே நான் உசாராயிருக்கணும். தோத்துப்போனவன் எவனாவது கை தட்டுவானா?

திருவிழா முடிஞ்சு நாலாம் நாளு, மீனு பல்லு பட்டு அங்கங்க பெயிண்ட் போயிருந்துச்சு, தொட்டுவிடலாம்னு இந்தா இதே இடத்துல உக்காந்தேன். நான் வேலை ஆரம்பிக்கும்போது நடு வரிசைய எண்ணுவேன், அது எனக்குப் பழக்கம். எண்ணினேன். நாப்பத்திமூணு. தப்பா எண்ணிட்டேனோன்னு மறுபடி எண்ணினேன். நாப்பத்திமூணு. மூணு செதில் குறையுது. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா, வயித்துப் பக்கம் செதில் என் செதில் இல்ல. கோணல் மாணலா இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பிரஷ் பிடிக்கத் தெரியாத கை.

பிளேடால சுரண்டினேன். உள்ள பாத்தா, வயித்தச் சீவியிருக்கான் சார். ரெண்டு பக்கமும் நகக்கண்ணு ஆழத்துக்குச் சீவி, நான் வச்ச ஈயத்தத் தோண்டி எடுத்து, தலைப்பக்கமா தள்ளி வச்சு, எம்-சீல் போட்டு மூடியிருக்கான். அதுக்கு மேல வெள்ளி பெயிண்ட். அதுக்கு மேல செதிலு. திருட்டு வெளிய தெரியக்கூடாதுன்னு உக்காந்து செதில் வரைஞ்சிருக்கான்.

ரெஜினாவக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா ஒன் அண்ணன் செஞ்ச வேலைய"ன்னேன். அவ கஸ்பாரத்தான் அண்ணன்னு கூப்பிடுவா. அவ திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது கெட்டுப்போயிருந்துன்னா பதினோரு மீனு எப்பிடிங்க பட்டுது?"ன்னா.

நான் சொன்னேன், அதத்தான் நானும் சொல்லுதேன். அவன் கத்திய வச்சுக் கெடுத்தும் பட்டுதுல்லா? வயித்தச் சீவினான், ஈயத்த மாத்தினான், ஆனா கண்ணத் தொடல. கண்ணு இருந்ததால பட்டுது. கெடுக்காம இருந்திருந்தா இருபது மீனு பட்டிருக்கும். அவ மீன என் கையில திருப்பிக் குடுத்தா. அப்புறம் உலையக் கிண்டணும்னு உள்ள போயிட்டா.

மறுநாளுல இருந்து நான் வள்ளத்துக்குப் போகல. பிலோமி வந்தா. "அண்ணே, அவர் ஒனக்காகத்தான் செஞ்சார். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்தாரு. தொட்டி நெறைய தண்ணிய ஊத்தி, கயித்தக் கட்டி இழுத்து இழுத்துப் பாத்தாரு. சீவுவாரு, இழுப்பாரு, சீவுவாரு, இழுப்பாரு. அது வாலாட்டி நீந்துனதும் சின்னப்பிள்ள மாதிரி என்னையக் கூப்பிட்டுக் காட்டினாரு. செதில அழிச்சிட்டேனே, மச்சான் மனசு கஷ்டப்படுமேன்னு அத வரையத்தான் அவருக்கு ஒரு பகல் ஆச்சு"ன்னா. கட்டின பொண்டாட்டி வேற எப்பிடிப் பேசுவா? நான் அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நல்லது செய்யுதவன் எதுக்கு மறைச்சுச் செய்யணும்? எங்கிட்ட சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதான? "சொன்னா நீ விட்டிருப்பியா?"ன்னா. எப்பிடி விடுவேன்? அப்போ அவன் செஞ்சது தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டாதான.

எங்க ஊர்ல கடல் தகராறுன்னா ஸ்டேஷனுக்குப் போற வழக்கம் இல்ல. கோயில் கமிட்டிதான். மனு குடுத்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டம் போட்டாங்க. எனக்குப் பின்னால மேளத்தோட நடந்து வந்தவங்க எல்லாரும் அங்க இருந்தாங்க. பொய்மீன மேசையில வச்சேன். தலைவர் கேட்டார்: "கஸ்பாரு, இதுல கத்தி வச்சது நீயா?"

"நான்தான்."

"எதுக்கு வச்ச?"

அவன் என்னயப் பாத்தான். சுத்தி நின்னவங்களப் பாத்தான். மேசையில கிடந்த மீனப் பாத்தான். மறுபடி என்னயப் பாத்தான். "பொறாமையில வச்சேன்"னான். "மச்சானுக்கு மீனு படக்கூடாதுன்னு வச்சேன்."

வாசல்ல நின்ன பிலோமி, "ஏன் இப்பிடிச் சொல்லுதிய, நடந்ததச் சொல்லுங்க"ன்னு கத்தினா. அவன் அவளப் பாத்துக் கையக் காட்டினான், சும்மா இருன்னு. அப்புறம் என் பக்கத்துல வந்து, "மன்னிச்சிரு மச்சான். நாளைக்கு வா. ஒன் கம்பு சும்மா கிடக்கு"ன்னான்.

எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. பாத்தியளா, நான் சந்தேகப்பட்டது சரியாப்போச்சு. ஊரறிய, அவன் வாயாலே. ரெஜினா, பிலோமி, எல்லாரும் நான் கிறுக்கன்னுல்லா நினைச்சாங்க. வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன்.

காலையில எந்திரிச்சுக் கடலுக்குப் போகத் துண்ட எடுத்துத் தோள்ல போட்டேன். போட்டதும் யோசனை வந்துச்சு. ஒத்துக்கிட்டான், சரி. ஆனா ஒத்துக்கிட்டவன நம்பி எப்பிடி ஒரே வள்ளத்துல போறது? என் மீனோட வயித்தச் சீவினேன், கெடுக்கத்தான் சீவினேன்னு ஊர் முன்னால சொன்னவன் கையில எஞ்சினக் குடுத்துட்டு, முதுகக் காட்டிக்கிட்டு நான் உக்காரணுமாம். துண்ட ஆணியில மாட்டிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வருசம் ஓடிப்போச்சு. நான் அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குப் போறேன். அந்தப் பழைய மீனு இருக்குல்லா, அத நான் சரி பண்ணிட்டேன். எம்-சீல நோண்டி எடுத்து, ஈயத்தப் பழைய இடத்துலயே வச்சு, சீவின இடத்துல மரத்தூளும் பசையும் வச்சு அப்பி, மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆக்கி, நாப்பத்தாறு செதிலும் வரைஞ்சேன். ஒரு மீனு தொடல. புதுசா நாலு செஞ்சேன். அதுலயும் தொடல. அவன் கைபட்ட கேடு என் கைக்கே வந்துருச்சோ என்னமோ. உளி அவன்கிட்ட இருந்து வாங்கினது. அதையும் தூக்கிப் போட்டுட்டேன்.

கஸ்பாரு தனியாத்தான் போனான். ஒத்த ஆளா எஞ்சினையும் பாத்து, கம்பையும் பாக்கணும்னா லேசா? சோத்தாங்கைப் பக்கம் மட்டும் நரம்பு விடுவான். நொட்டாங்கைப் பக்கம் என் கம்பு நீட்டுனபடியே இருக்கும், வெறுங்கம்பு. அதுல இன்னொரு தூண்டில கட்டினா அவனுக்குத்தான லாபம்? கட்ட மாட்டான். ஊரு பாக்கணும்னு நடிப்பு. நான் கரையில நின்னு பாப்பேன். அவன் என்னயப் பாப்பான். எனக்கு அவன் இல்லாம கடலே பிடிக்கல சார், அது வேற விசயம். அத எதுக்கு அவன்கிட்ட சொல்லணும்.

போன வாரம் ஒரு பேச்சு வந்துச்சு. ஒத்த ஆளா முடியலன்னு கஸ்பாரு கேரளாவுக்குப் போறானாம். கொல்லம் பக்கம் பெரிய போட்டுல ஆளு எடுக்காங்களாம். குடும்பத்தோட போறானாம். வள்ளத்த எனக்கே எழுதி வச்சிட்டுப் போறானாம். ரெஜினா வந்து அழுதா. நான் சிரிச்சேன். இப்பிடி ஒரு பேச்சக் கிளப்பிவிட்டா நான் பதறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவேன்னு கணக்கு. எனக்கா தெரியாது அவன?

இன்னைக்குக் காலையில பிலோமி வந்தா. நீங்க வாறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி இருக்கும். நீங்க நின்ன அதே இடத்துல நின்னா. கையில ஒரு பையி. புதுச்சேலை கட்டியிருந்தா. நான் அப்போ கண்ணு வச்சுக்கிட்டு இருந்தேன். கல்லப் பதிச்சு அதச் சுத்திக் கறுப்புல ஒரு கோடு இழுக்கணும், மூச்சுகூட விடக்கூடாது. "போயிட்டு வாறோம்ணே"ன்னா. நான் தலையத் தூக்கல. "அவரு பஸ் ஸ்டாப்புல நிக்காரு, நீ ஒரு வார்த்த சொன்னா போவ மாட்டாரு"ன்னா. நான் கோட்ட இழுத்துக்கிட்டு இருந்தேன். இதுக்கெல்லாம் மசியக்கூடாதுன்னு இருந்தேன். என்ன செய்வான்னு பாப்போமேன்னு இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னா.

கண்ணு முடிஞ்சதும் நிமிந்து பாத்தேன். ஆள் இல்ல.

நீங்க பஸ் ஸ்டாப்பு வழியாத்தான வந்திய? அங்க யாரும் நின்னாங்களா? ஒரு ஆளு, ஒரு பொம்பள, சாக்கு மூட்டை ரெண்டு மூணு?

யாரும் இல்லையா.

இல்ல, நான் எதுக்குக் கேக்கேன்னா, நடிப்பா இருந்தா அவ இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பா. இல்லையா சார்?